கூரைக்குக் கீழே சொன்ன ஒரு சொல்

அணில்காரரின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசல் வழியாக வெளியே வந்தார். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம், கணவர் உள்ளே இருக்கும்போது அவரால் அந்த வீட்டுக்குள் நுழைய முடியவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. யாரும் தடுக்கவும் இல்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சண்டை என்று தெருவில் சிலர் கதை கட்டினார்கள். அதில் துளியும் உண்மை கிடையாது. அந்தத் தெருவிலேயே அவ்வளவு ஒற்றுமையாக இருந்த தம்பதி வேறு இல்லை, வினையே அதில்தான் வந்தது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அணிலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நகரத்தின் ஓரத்தில், பஸ் கடைசியாக நின்று திரும்பும் இடத்துக்கு அப்பால் இருந்தது அந்தக் குடியிருப்பு. எல்லாம் சரிவான ஓட்டுக்கூரை வீடுகள். மேலே ஓடு, கீழே பலகை சீலிங், இரண்டுக்கும் நடுவில் ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஓர் இருட்டு இடம். அதைப் பரண் என்பார்கள். உடைந்த நாற்காலி, பூட்டு கெட்ட சூட்கேஸ், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகும் தூக்கிப் போட மனசு வராத தொட்டில் என்று வீட்டுக்கு ஆகாததெல்லாம் அங்கே ஏறும். கூடவே அணிலும் ஏறும். விடிந்ததும் தலைக்கு மேல் தடதடவென்று ஓடி வெளியே கிளம்பும், சாயங்காலம் அதே தடதடப்போடு திரும்பி வரும். குளிருக்கு என்று பரப்பி வைத்த பஞ்சை இழுத்துக் கூடு கட்டும், ஒயரைக் கடிக்கும், குட்டி போடும். பொறுத்துப் பார்த்து முடியாமல்தான் ஜனங்கள் அணில்காரரைக் கூப்பிடுவார்கள்.

அவர் வேலையில் குறை சொல்ல முடியாது. வந்ததும் ஏணியைச் சாய்த்துவிட மாட்டார். முதலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுவார். கூரை விளிம்பில் எந்த இடுக்கின் ஓரம் மட்டும் அணில் உடம்பு உரசி எண்ணெய்க் கறையாக இருக்கிறது என்று பார்ப்பார். அந்த ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாக அடைத்துவிட்டுப் போவார். மறுநாள் தாள் கீழே கிடந்தால் அதுதான் வாசல். குட்டி இருந்தால் கைவைக்க மாட்டார், அது வளர்ந்து தானாக ஓடட்டும் என்று ஓரிரு மாதம் தள்ளிப் போடுவார். குட்டி உள்ளே இருக்கும்போது தாயை வெளியே விட்டு அடைத்தால் அது கூரையையே பிய்த்துவிடும் என்பார். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வாசலில் ஒருவழிக் கதவு வைப்பார்: உள்ளேயிருந்து முட்டினால் திறக்கும், வெளியேயிருந்து எவ்வளவு முட்டினாலும் திறக்காது. கூட்டம் முழுக்க வெளியேறியதும் கதவைக் கழற்றிவிட்டுக் கம்பி வலை அடிப்பார். மற்ற இடுக்குகளையும் விடாமல் மூடுவார். கூரைக்குத் தாவுகிற தூரத்தில் இருக்கும் கிளைகளை வெட்டித் தள்ளுவார்.

இவ்வளவும் செய்தும் அணில்கள் திரும்பி வந்தன. கம்பி வலைக்கு நாலு விரல் தள்ளிப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டு வந்தன. வெட்டிய கிளைக்குப் பதில் மின்கம்பி மேல் நடந்து வந்தன. சில வீடுகளில் எப்படி வந்தன என்றே தெரியவில்லை, காலையில் பார்த்தால் பரணில் இருந்தன. இரண்டு மூன்று வருஷம் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெயர் வேறு கெட்டுக்கொண்டு வந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். அவர் லாண்டரிக் கடையின் முன்பக்கத்தில் ஒரு தையல் மெஷின் போட்டு, கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது மாதிரி வேலைகள் செய்துகொண்டிருந்தார். ஒரு நாள் கடை விடுமுறை, சும்மா இருப்பானேன் என்று ஏணி பிடிக்கக் கூட வந்தார். மேலே ஒருவழிக் கதவை முட்டிக்கொண்டு ஓர் அணில் வெளியே வந்தது. ஏணியில் நின்ற கணவர் அதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“இப்ப என்ன சொன்னீங்க?”

“யார்கிட்ட?”

“அதுகிட்டதான்.”

“போயிட்டு வான்னேன்.”

மனைவி ஏணியை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வான்னு சொல்லி அனுப்பினா வராம என்ன செய்யும்? உங்களவிட மரியாதை தெரிஞ்சதுங்க!”

அணில்காரர் வளர்ந்த விதம் அப்படி. படியிறங்குகிற யாரையும் ‘போ’ என்று சொல்லிவிடக் கூடாது, ‘போயிட்டு வா’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று பால் பல் விழுவதற்கு முன்பே வாயில் ஏற்றியிருந்தார்கள். அதனால் இத்தனை வருஷமாக வெளியேறிய ஒவ்வோர் அணிலையும் அழைப்பு வைத்துத்தான் அனுப்பியிருக்கிறார். அவையும் சொல் தட்டாமல் போய்விட்டு வந்திருக்கின்றன.

வெறும் ‘போ’ என்று சொல்லப் பழகுவது அவருக்குப் பெரிய பாடாக இருந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். கெஞ்சுகிற மாதிரி வந்தது. மனைவி வெளியே நின்று, “இன்னும் கொஞ்சம் கறாரா,” என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு வழியாகப் பழகி, பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் வீட்டுப் பரணில் முதல்முறையாகச் சொன்னார். அணில் நின்று, தலையைச் சாய்த்து, மனசு புண்பட்ட மாதிரி அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு போயிற்று. அது மட்டுமில்லை, அதன் வாரிசு ஒன்றுகூட அந்தக் கூரைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதன் பிறகு கம்பி வலைக்கே அவசியமில்லாமல் ஆயிற்று. ஆனாலும் மனசாட்சிக்காக அடித்துவிட்டு வந்தார். தொழில் சூடு பிடித்தது. மேனேஜர் தமக்கு இருந்த நாள்பட்ட இருமலைப் பார்த்து ஒரு தடவை சொல்லச் சொன்னார்; இருமலும் போய்விட்டது. ஒரு வீட்டுக்காரர் குடியிருப்பவரைப் பார்த்துச் சொல்லக் கேட்டபோது மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. மனிதர்களிடம் சொல்கிற சொல் இல்லை அது என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் அவர் அந்த எழுத்தையே தொடுவதில்லை. சாப்பிடும்போது ‘போதும்’ என்று வாயைத் திறக்காமல் தட்டின் மேல் கையை நீட்டுவார். போன வாரத்தை முந்தின வாரம் என்பார். போர்வை வேண்டுமானால் குளிருகிறது என்பார், மனைவி புரிந்துகொண்டு எடுத்து வருவார். இந்தச் சுற்றி வளைத்த பேச்சை இருவரும் ஒரு விளையாட்டு மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் இல்லாத வீட்டில் இப்படி ஏதாவது விளையாட்டு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவெட்டிக்கொண்டு வந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு ஜன்னல் பக்கம் நின்றார். மனைவி யாருடைய கால்சட்டைக்கோ விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தவர், கண்ணாடிக்கு மேலாக அவரை ஏற இறங்கப் பார்த்தார். “முடி வெட்டிட்டு வந்து நின்னா இன்னும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கீங்க,” என்றார்.

அவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. “அட, போ!” என்றார்.

அந்தப் ‘போ’வுக்கு இரு என்றுதான் அர்த்தம். இன்னும் ஒரு தடவை சொல் என்றுகூட அர்த்தம். பாஷை தெரிந்த யாரும் அதைக் கேட்டு எழுந்து போக மாட்டார்கள். ஆனால் சொல்லுக்கு அந்த நுணுக்கமெல்லாம் தெரியவில்லை, இத்தனை காலம் செய்த வேலையையே செய்தது. மனைவி சிரிப்பு முகத்திலிருந்து கலையாமல் எழுந்தார். துணியை மடித்து வைத்தார், செருப்பைப் போட்டுக்கொண்டார், வெளியே நடந்தார். கேட்டைத் தாண்டிய பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

திரும்பி வர மனைவி எவ்வளவோ முயன்று பார்த்தார். கேட் வரை வருவார், உள்ளே வருவார், படியில் கால் வைத்ததும் அந்தக் கால் ஏதோ நினைத்துக்கொண்ட மாதிரி திரும்பி எதிர்த் திசையில் நடக்கும். பின்வாசல் பக்கம் போய்ப் பார்த்தார். ஜன்னலில் ஏறிப் பார்த்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்காவது இடுக்கு இருக்கிறதா என்று கூரை விளிம்பை அண்ணாந்து பார்த்தார். உள்ளேயிருந்து அதைப் பார்த்த அணில்காரர் ஜன்னலுக்கு ஜன்னல் கூடவே நகர்ந்தார். இதை அவர் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். அடைத்த அன்று அணில் இப்படித்தான் சுற்றும். மறுநாளும் சுற்றும். பிறகு வருவது குறையும். “ஒரு வாரம் பத்து நாள் அல்லாடும், அப்புறம் வேற இடம் பார்த்துக்கும், இத மறந்துடும்,” என்று வீட்டுக்காரர்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். உள்ளே குட்டி இருப்பதுதான் கூரையைப் பிய்க்கும். இவளுக்கு உள்ளே என்ன இருக்கிறது, நான் ஒருத்தன்தானே என்று நினைத்தபோது அவர் அழுதார்.

‘வா’ என்று கூப்பிடாமல் இல்லை. வாசலில் நின்று தொண்டை கட்டும் வரை கூப்பிட்டார். ஒரு தடவை ‘போ’ சொன்ன பிறகு ‘வா’வுக்கு வலு இல்லை, ஒன்றும் நடக்கவில்லை. தம் கூரையில் தாமே அடித்த கம்பி வலைகளை எல்லாம் பிடுங்கிப் போட்டார். மூடிய இடுக்குகளைத் திறந்தார், போதாதென்று புதிதாக நாலு ஓட்டை போட்டார். சுற்றுவட்டாரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்த அணில்களெல்லாம் அவர் பரணில் வந்து குடியேறின. மனைவியால் மட்டும் வர முடியவில்லை. லாண்டரிக் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தங்கிக்கொண்டார்.

வீடுதான் ஆகவில்லை, வேறு இடம் பார்ப்போம் என்று அடுத்த தெருவில் ஒரு போர்ஷன் வாடகைக்கு எடுத்தார்கள். அவர் முதலில் உள்ளே போனார். மனைவி படியோடு திரும்பிவிட்டார். பிறகு ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கினார்கள். அவர் நிழற்குடைக்குக் கீழே நின்றதும் மனைவியின் கால் தானாக மழையில் இறங்கிற்று. அணில்காரர் கையில் இருந்த குடையை விரித்து அவசரமாக மனைவி பக்கம் நீட்டினார், மனைவி இன்னும் இரண்டு எட்டுத் தள்ளிப் போனார். நனைந்துகொண்டே நின்ற மனைவிக்குத்தான் அப்போதும் விஷயம் பிடிபட்டது.

“வீட்டை விட்டு இல்லீங்க. நீங்க எந்தக் கூரைக்குக் கீழ இருக்கீங்களோ, அந்தக் கூரைய விட்டு. அணிலுக்குச் சொன்ன சொல்லுதானே.”

அதன் பிறகு அவர்கள் வெட்டவெளியில் வாழ்ந்தார்கள். பூங்காவில் மரம் இல்லாத பக்கம் ஒரு பெஞ்சு உண்டு, வெயிலுக்குப் பயந்து யாரும் உட்காராத பெஞ்சு. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு மனைவி வருவார், ஏணியும் பையுமாக அவர் வருவார். கொண்டு வந்ததைப் பகிர்ந்து சாப்பிடுவார்கள். மழை நாட்களில், மனைவி தலைக்கு மேலும் வந்துவிடுமோ என்று அவர் தம் குடையை மடக்கி வைத்துவிட்டு நனைவார். என்ன பைத்தியக்காரத்தனம் என்று மனைவி திட்டுவார். சாயங்காலமானால் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். இப்படியே வருஷங்கள் ஓடின. அணில்காரருக்குத் தலை நரைத்தது, அவருக்கு வேலை கொடுத்த வீடுகள் கைமாறின, லாண்டரிக்காரர் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் ஆயிற்று. தெருவில் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவர் வீட்டில் இல்லாதபோது மனைவியால் தாராளமாக உள்ளே போக முடிந்தது. பெருக்கித் துடைத்து வைத்துவிட்டு வருவார். அவர் திரும்பும்போது தரை ஈரமாக இருக்கும். அந்த ஈரத்தின் மேல் காலை வைக்க மனசில்லாமல், அது காயும் வரை வாசல்படியிலேயே உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்றும் நடந்தது. அவர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். வாயைத் திறந்தால் எது வருமோ என்ற பயம். பெஞ்சில் மனைவி பேசுவார், அவர் தலையாட்டுவார். முதலில் சொற்களைப் பொறுக்கிப் பொறுக்கிப் பேசியவர், பிறகு ஒன்றிரண்டாகக் குறைத்து, கடைசியில் ‘ம்’ என்பதோடு நிறுத்திவிட்டார். “கூரை ஒரு பக்கம் பிரிச்சது, வாயை நீங்களே பூட்டிட்டீங்க,” என்று மனைவி ஒரு நாள் சொன்னார்.  தனியாக இருந்த மனைவிக்கு அவர் பேசாததுதான் அதிகம் கனத்தது.

அணில்காரர் வேறொன்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால் இருந்த அந்த அறையில் முதலில் ஒரு பாயும் பையும்தான் இருந்தன. பிறகு கட்டில் வந்தது. பிறகு ஸ்டவ். ஒரு நாள் ஜன்னலில் பூப்போட்ட திரை தொங்கிற்று. மிச்சம் விழுந்த துணிகளை ஒட்டுப் போட்டு மனைவியே தைத்தது. கூடு கட்டுகிற அறிகுறி அவருக்குத் தெரியாதா. அந்தத் திரை அவர் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்தது. ஆனாலும் கேட்கவில்லை, கேட்க வாயைத் திறக்க வேண்டுமே.

ஒரு மழைக்காலத்தில் மனைவி பெஞ்சுக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவர் கடைக்குப் போய்ப் பின்பக்க ஜன்னலில் நின்று பார்த்தார். மனைவி சுருண்டு படுத்திருந்தார், போர்த்தியிருந்தும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உதடு வெடித்திருந்தது. ஃபிளாஸ்க் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. அவருக்கு அந்த நேரத்தில் எல்லாம் மறந்துவிட்டது. நேரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் ஃபிளாஸ்கை எடுத்தார். மனைவி எழுந்தார். கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், போர்வை தரையில் இழுபட, ஜுரத்தோடு பின்கதவு வழியாக மழைக்குள் நடந்தார். “வெளிய போங்க, வெளிய போங்க,” என்று அவர் பல் கிட்டிக்கச் சொன்ன பிறகுதான் அணில்காரருக்கு என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. அவர் முன்கதவு வழியாகப் பாய்ந்து வெளியேறினார். மனைவி திரும்பி வந்து கட்டிலில் விழுந்தார். தலைமயிரிலிருந்து தலையணையில் தண்ணீர் ஊறுவதை அணில்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். துடைத்துவிட லாண்டரிக்காரரின் மனைவியைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஜுரம் தணிய நாளாயிற்று. தகவல் தெரிந்து தூரத்து ஊரிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். எதையும் மூடி மறைத்துப் பேசத் தெரியாத அக்கா. “உனக்கு ஒரு வாய் வெந்நீர் குடுக்கக்கூட அந்த மனுஷனால முடியல. இன்னும் எதுக்கு இங்க கிடக்கிற? ஞாயித்துக்கிழமை என்கூட வந்துடு,” என்றார். ஜன்னலுக்கு வெளியே அவர் நிற்பது தெரிந்துதான் சொன்னார். மனைவி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரிக்கா,” என்றார்.

அணில்காரர் வீட்டுக்கு வந்து ஏணியைச் சாய்த்தார். முகட்டில் இருந்த ஓடுகளைத்தான் முதலில் எடுத்தார். பிறகு மேலிருந்து வரிசை வரிசையாக ஓடுகளைப் பிரித்து இறக்கினார். சட்டங்களை அறுத்தார், பஞ்சை மூட்டை கட்டினார், சீலிங் பலகைகளை ஆணி பிடுங்கி அடுக்கினார். வாழ்நாள் முழுக்கக் கூரையில் இருக்கும் ஓட்டையை அடைத்த மனிதருக்கு, கூரையை எடுத்துவிடலாம் என்று தோன்ற இத்தனை வருஷம் ஆயிருந்தது. யாருக்கும்தான் தோன்றவில்லை. பரணில் இருந்த அணில்கள் வெளிச்சம் பட்டதும் திகைத்து நின்றன. ஒரு தாய் தன் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக வேறிடம் சேர்க்கும் வரை அவர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அது சேர்த்த இடம் மேனேஜர் வீட்டுப் பரண்.

மேனேஜர் வேலி ஓரமாக வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். “கூரை இல்லாம எப்படி சார் இருப்பீங்க?”

“இருந்துதான் பார்க்கணும்,” என்றார் அணில்காரர். அவ்வளவு நீளமாக அவர் பேசிப் பல வருஷம் ஆயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தத் தெருவைக் கடந்தார்கள். நாலு சுவரும் நடுவில் வானமுமாக வீடு நின்றது. அணில்காரர் உள்ளே, சமையலறையில், வெயிலில் உட்கார்ந்திருந்தார். கூப்பிடவில்லை. மனைவி கேட்டில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் மேலேயே பார்த்தார். பிறகு பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். படியில் கால் வைத்தார். அது திரும்பவில்லை. அடுத்த காலை எடுத்து வைத்தார், அதுவும் திரும்பவில்லை. ஹாலைத் தாண்டி, சமையலறைக்கு வந்து, அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இருவரும் ஒரே வீட்டுக்குள் இருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், பயந்து மூடிக்கொண்டார்.

“பேசுங்க,” என்றார் மனைவி. “இனிமே நீங்க எதைச் சொன்னாலும் நான் எங்க போயிடப் போறேன்?”

அவர் பேச ஆரம்பித்தார். அக்கா வெளியே பெட்டியின் மேல் உட்கார்ந்து காத்திருந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த பஸ்ஸையும் தவறவிட்டு, கடைசியில் பெட்டியைக் கொண்டுவந்து ஹாலில் வைத்துவிட்டுத் தனியாக ஊருக்குக் கிளம்பினார். உள்ளே அந்த மனுஷன் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த வீட்டுக்கு அதன் பிறகு கூரை போடவில்லை. பீரோவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டார்கள், அரிசியை மூடியுள்ள டின்னில் வைத்தார்கள், தரையில் தண்ணீர் வடிய நாலு மூலையிலும் துளை போட்டார்கள். வெயிலில் இருவரும் கறுத்துப் போனார்கள். ஆரம்பத்தில் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பிறகு பால்காரர் மாதிரி வந்து விஷயத்தை மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் ஆளுக்கொரு குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரே குடைக்குள் இருவரும் இருக்க முடியாது, அது மட்டும் கடைசி வரை மாறவில்லை. கையைக் கோத்துக்கொண்டால் இரண்டு குடைக்கும் நடுவில் அந்தக் கைகள் மட்டும் நனையும்.